டைனமோ வண்டியில் சார்ஜ் கோளாறு: கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கும் முறை

சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு மினுக்குகிறது, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியதும் அணைந்துவிடுகிறது. பழைய அம்பாசடர் ஒன்றைப் புதிதாக வாங்கியவர் பெரும்பாலும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். டைனமோ (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்பும் பழைய வகைக் கருவி) பொருத்திய வண்டியில் இது கோளாறே அல்ல. ஐடிலிங் வேகத்தில் டைனமோ பேட்டரியின் வோல்டேஜை எட்டுமளவுக்குச் சுழல்வதில்லை. ஆகவே அந்த நேரத்தில் வண்டி முழுவதும் பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த டைனமோவைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு, அதாவது உள்ளே உள்ள காயிலைப் புதிதாகச் சுற்றக் கொடுத்தவர்கள் ஏராளம்.

1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரில், ஆரம்பகால வண்டிகள் பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் வடிவமைப்பிலான டைனமோவும், அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியும் கொண்டவை. பிற்கால வண்டிகள், டைனமோவின் வேலையையே டையோடுகளின் துணையோடு செய்யும் ஆல்டர்நேட்டருக்கு மாறிவிட்டன. இந்தக் கட்டுரை முதன்மையாக டைனமோ வண்டிக்காரர்களுக்கானது. ஆல்டர்நேட்டருக்கு உரியவற்றைப் பிற்பகுதியில் சொல்கிறேன். பேட்டரி, எர்த், பெல்ட் குறித்த சோதனைகள் பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களுக்கும் அப்படியே பொருந்தும். டைனமோவைத் தனியாகச் சோதிக்கும் பகுதி மட்டும் லூகாஸ் வகைக்கு உரியது. வேறு தயாரிப்புகளில் ஃபீல்டு (டைனமோவுக்குள் காந்தப் புலத்தை உண்டாக்கும் காயில்) இணைப்பு மாறியிருக்கலாம் என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும்.

தொடங்கும் முன்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, முள் ஆடும் பழைய வகை வோல்ட்மீட்டர் ஒன்று, பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஒரு முழம் ஒயர், உப்புத்தாள் ஆகியவை போதும். முள் மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். பழைய இக்னிஷன் அமைப்பு எழுப்பும் மின் இரைச்சலில் டிஜிட்டல் மீட்டரின் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். முள் சீராக ஏறுகிறதா, துடிக்கிறதா என்பதே பல நேரங்களில் பாதி விடையைச் சொல்லிவிடும். டிஜிட்டல் மீட்டர் மட்டுமே இருந்தால், அதன் ஒயர்களைப் பிளக் ஒயர்களிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகள் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கலாம். இடையில் யாரேனும் நெகட்டிவுக்கு மாற்றியும் இருக்கலாம். கீழே எர்த் என்று சொல்லும் இடங்களிலெல்லாம் உங்கள் வண்டியில் பாடியோடு சேர்ந்த முனை என்று பொருள் கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும் என்பதால் அதன் அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வது நல்லது.

முதலில் பேட்டரி, வண்டி ஓடாத நிலையில்

முந்தைய இரவு நிறுத்திய வண்டியை, காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் அளக்க வேண்டும். ஓடி நின்ற உடனே அளந்தால் மேற்பரப்புச் சார்ஜ் மீட்டரை ஏமாற்றும். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி; 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். இந்த அட்டவணை எல்லாக் கையேடுகளிலும் இருப்பதுதான். ஆனால் வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அமிலத்தைச் சற்று அடர்த்தி குறைவாகவே ஊற்றுவது வழக்கம். ஒரு செல்லின் வோல்டேஜ் அமிலத்தின் அடர்த்தியோடு ஏறக்குறைய 0.84ஐக் கூட்டினால் வருவது என்பதால், 1.240 அடர்த்தி கொண்ட பேட்டரி முழுச் சார்ஜில் இருந்தாலும் 12.5 அளவில்தான் காட்டும். அதைப் பார்த்துப் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால் ஆறு செல்களையும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தனித்தனி அளவைவிட அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். ஐந்து செல்கள் 1.230 காட்டி, ஒன்று மட்டும் 1.150இல் கிடந்தால், அந்தப் பேட்டரிக்கு எந்த டைனமோவும் உயிர் கொடுக்காது. செல்லில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் கூடாது, அமிலமும் கூடாது.

டெர்மினல்கள் பூத்துப்போயிருந்தால் ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு வாஸ்லின் பூசுங்கள். கழுவும் நீர் செல்லுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது எர்த்தைச் சோதித்தல்

இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனைக் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே) மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். நல்ல எர்த் என்றால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். ஒன்று, இரண்டு என்று ஏறினால், மின்சாரம் திரும்பிவரும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

நான் இந்தச் சோதனையைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். பெயின்ட் அடித்து வந்த சில வாரங்களில் என் அம்பாசடர் மார்க் 2, காலை நேரங்களில் செல்ஃப் அடிக்கும்போது முனகத் தொடங்கியது. சார்ஜ் ஏறவில்லை என்றார் ஒரு எலக்ட்ரீஷியன், பேட்டரி மாற்றினேன். பிறகு ஆர்மேச்சர் (டைனமோவுக்குள் சுழலும் காயில்) போய்விட்டது என்றார், ரீவைண்டிங் செய்தேன். முனகல் போகவில்லை. ஒரு நாள் பலமுறை செல்ஃப் அடித்துவிட்டுச் சோக்கை உள்ளே தள்ளப் போனபோது, அதன் கேபிள் உறை கையைச் சுட்டது. சோக் கேபிள் ஏன் சுட வேண்டும் என்று யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைப் புதுப் பெயின்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள்; செல்ஃப் மோட்டாரின் கரண்ட் பாடிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய எஃகுக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டியதில் வண்டி சரியாகிவிட்டது. டைனமோ அத்தனை நாளும் ஒழுங்காகத்தான் உழைத்திருந்தது.

இதே அளவீட்டை உயிர் முனைப் (எர்த் அல்லாத முனை) பக்கத்திலும், அதாவது பேட்டரிக் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்வரை, செய்து பார்த்துவிடுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவது வேறு, பேட்டரி சார்ஜ் ஏறாதது வேறு என்பதை இந்த இரண்டு அளவுகளும் பிரித்துக் காட்டிவிடும்.

பெல்ட்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். ஃபேன் பெல்ட்டின் நீளமான பக்கத்தை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் அது வழுக்குகிறது; முடுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் டைனமோ பின்பக்கப் புஷ்ஷும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து பழிவாங்கும்.

வண்டியை ஓடவிட்டு அளத்தல்

இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சற்றுச் சூடானபின் 2000 சுற்று அளவுக்கு வேகத்தைக் கூட்டி, பேட்டரியின் இரு கம்பங்களுக்கிடையே அளக்க வேண்டும். நன்றாகச் சார்ஜான பேட்டரி என்றால் 13.5 முதல் 14.5 வரை காட்டும். பேட்டரி வடிந்திருந்தால் 13க்குச் சற்று மேலேயே வெகுநேரம் நிற்கும். அது கோளாறு அல்ல, பசித்த பேட்டரி கரண்டை இழுத்துக்கொள்வதால் வோல்டேஜ் தாழ்ந்து நிற்கிறது. அதனால்தான் பேட்டரியை முதலில் வெளிச் சார்ஜரில் நிரப்பிவிட்டு இந்தச் சோதனைக்கு வர வேண்டும்.

வேகத்தைக் கூட்டியும் 12.5ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பல்புகள் அடிக்கடி போவது, பேட்டரித் தண்ணீர் வாரத்துக்கு வாரம் குறைவது, கந்தக நெடி ஆகியவை இதன் அடையாளங்கள்.

இந்த இடத்தில் சிவப்பு விளக்கு சொல்லும் சேதியையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டைனமோ வண்டியில் அந்த விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சாவியிலிருந்தும் மறு முனை டைனமோவின் டி டெர்மினலிலிருந்தும் இணைப்புப் பெறுகிறது. இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானால் விளக்கு அணையும். ஆக, அது அணைந்திருப்பதற்கு டைனமோ மின்சாரம் உண்டாக்குகிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. போதிய அளவு சார்ஜ் பேட்டரிக்குப் போகிறதா என்று அது சொல்லாது. வேகம் கூடக் கூட மங்கலாக எரியத் தொடங்கினால், கட்-அவுட்டின் காண்டாக்டுகளில் கரி படிந்து தடை ஏற்பட்டிருக்கலாம். சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கும். அல்லது, இது ஆபத்தானது, கட்-அவுட் காண்டாக்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துகொண்டிருக்கும் நிலை அது. டைனமோ உடம்பு சுடும், ஒயர் உறை கருகும் நெடி வரும். அப்படிச் சந்தேகம் வந்த கணமே பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மறு வேலை.

டைனமோவைத் தனியாகச் சோதித்தல்

சார்ஜ் வரவில்லை என்றால் குற்றவாளி டைனமோவா, கட்-அவுட் பெட்டியா என்று பிரிக்க வேண்டும். டைனமோவிலுள்ள இரண்டு ஒயர்களையும், அதாவது பெரிய டெர்மினலான டியையும் சிறிய டெர்மினலான எஃப்பையும் கழற்றிவிடுங்கள். டைனமோவின் அந்த இரு டெர்மினல்களையும் ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடொன்று இணைத்து, முள் வோல்ட்மீட்டரை அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே பொருத்தி, எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு மெல்ல வேகத்தைக் கூட்டுங்கள். முள் துடிக்காமல் சட்டென்று ஏற வேண்டும். கட்டுப்படுத்த ரெகுலேட்டர் இல்லாத நிலை இது. ஆகவே 20 வோல்ட்டை எட்டவிடக் கூடாது, எஞ்சினை முறுக்கவும் கூடாது. முள் ஒழுங்காக ஏறினால் டைனமோ நல்லது. பிரச்சினை ஒயரிங்கிலோ கட்-அவுட் பெட்டியிலோ இருக்கிறது.

ஏறவில்லை என்றால், முள் எங்கே நிற்கிறது என்பதே நோயைச் சொல்லும். எதுவுமே காட்டவில்லை என்றால் கார்பனை (சுழலும் பகுதியை உரசி மின்சாரத்தை வெளியே எடுக்கும் கட்டி) பாருங்கள்; தேய்ந்திருக்கும், அல்லது கூட்டில் சிக்கிக்கொண்டிருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் ஃபீல்டு காயிலில் சந்தேகம் கொள்ளலாம். நான்கு, ஐந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் பக்கம் பார்க்க வேண்டும்.

ரீவைண்டிங் கடைக்குப் போகும் முன் இரண்டு எளிய காரணங்களை விலக்கிவிடுங்கள். ஒன்று, கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சர் முனையில் கார்பன் உரசும் செம்புப் பகுதி) எண்ணெய்ப் படலம் சேர்ந்திருப்பது. டைனமோவின் பின்பக்கம் எண்ணெய் விட ஒரு துளை இருக்கும். அதில் எப்போதாவது இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட வேண்டுமே தவிர, சர்வீஸ் செய்யும்போதெல்லாம் தாராளமாக ஊற்றினால் அது கார்பனுக்குத்தான் போய்ச் சேரும். கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, தேவைப்பட்டால் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து ஆர்மேச்சரைச் சுழற்றி மெருகேற்றலாம். லூகாஸ் சி40 வகை டைனமோவில் கார்பன் சுமார் 7 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டும்.

மற்றொன்று, டைனமோ தன் காந்தத் தன்மையை இழந்திருப்பது. பல மாதம் ஷெட்டில் கிடந்த வண்டியிலும், பேட்டரியின் முனைகளை இடம் மாற்றிப் போட்டுவிட்ட வண்டியிலும் இது நடக்கும். டைனமோவின் ஒயர்கள் இரண்டையும் கழற்றிய நிலையில், பேட்டரியின் உயிர் முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுத்தால் ஃபீல்டு இரும்பில் சிறிது காந்தம் மீண்டும் தங்கும். சிறு பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். எர்த் மாற்றிய எந்த டைனமோ வண்டிக்கும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கட்-அவுட் பெட்டி

டைனமோ நல்லது என்று தெரிந்த பிறகே இந்தப் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். லூகாஸ் ஆர்பி106 வகைப் பெட்டிக்குள் இரண்டு காயில்கள் இருக்கும்: ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மற்றொன்று பேட்டரி டைனமோவுக்குத் திரும்பி வடியாமல் தடுக்கும் கட்-அவுட். நம் பட்டறைகளில் முழுப் பெட்டியையும் கட்-அவுட் என்றே சொல்வதால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வரும், கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ரெகுலேட்டரின் அளவைப் பார்க்க, பெட்டியின் ஏ, ஏ1 ஆகிய டெர்மினல்களிலுள்ள ஒயர்களைக் கழற்றி, அந்த ஒயர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாடியில் படாமல் சுற்றி வையுங்கள். வோல்ட்மீட்டரைப் பெட்டியின் டி, இ (எர்த்) டெர்மினல்களுக்கு இடையே பொருத்தி, எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டினால், முள் ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் சற்றே துள்ளி நிலைத்து நிற்கும். 20 டிகிரி வெப்பத்தில் அது 16.0 முதல் 16.6 வரை இருக்க வேண்டும். 40 டிகிரி வெயிலில் 15.8 முதல் 16.4. புதியவர்கள் திடுக்கிடும் இடம் இதுதான். 14 வோல்ட்டுக்குப் பழகிய கண்ணுக்கு 16 என்பது தவறாகத் தெரியும், உடனே ஸ்க்ரூவைத் தளர்த்தி 14க்கு இறக்கிவிடுவார்கள், அதன்பின் அந்த வண்டியில் பேட்டரி என்றைக்கும் நிரம்பாது. ரெகுலேட்டர் காயிலின் மேல் சில சுற்றுகள் தடித்த ஒயர் உண்டு; டைனமோவிலிருந்து போகும் கரண்ட் அவற்றின் வழியே பாயும்போது வோல்டேஜ் தானாகத் தாழ்கிறது. ஏ, ஏ1ஐக் கழற்றியதால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத நிலையில் 16 என்பதே சரியான அளவு.

அளவு உண்மையிலேயே பிசகியிருந்தால், பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை ஒரு நேரத்தில் சிறிதளவே திருப்புங்கள். உள்ளே திருப்பினால் வோல்டேஜ் கூடும். இவ்வளவையும் முப்பது விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் போனால் காயில் சூடாகி மீட்டர் பொய் சொல்லத் தொடங்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுப் பிறகு தொடருங்கள்.

கட்-அவுட் எந்த வோல்டேஜில் மூடுகிறது என்பதைப் பார்க்க, கழற்றிய ஒயர்களை மீண்டும் போட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். ஏறிவரும் முள் 12.7க்கும் 13.3க்கும் இடையே ஓரிடத்தில் சட்டென்று கொஞ்சம் சரியும். அப்போதுதான் காண்டாக்டுகள் மூடின. இரண்டு காண்டாக்டுகளையும் ஒரே தாளால் தேய்ப்பது பலர் செய்யும் தவறு. ரெகுலேட்டர் காண்டாக்டுகளை மெல்லிய எமரி தாளால் தேய்க்கலாம். கட்-அவுட் காண்டாக்டுகள் மிருதுவானவை. அவற்றுக்கு மெல்லிய உப்புத்தாள் மட்டுமே, எமரி கூடாது. இரண்டையும் முடித்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆல்டர்நேட்டர் வண்டிக்காரர்களுக்கு

2000 சுற்றில், ஹெட்லைட் எரியும்போதும் 13.8 முதல் 14.4 வரை நிற்க வேண்டும். டைனமோவுக்கு நேர்மாறாக, ஐடிலிங்கிலும் சிவப்பு விளக்கு அணைந்தே இருக்க வேண்டும். இங்கே அந்த விளக்குக்கு வேறொரு வேலையும் உண்டு: ஆல்டர்நேட்டருக்கு முதல் ஃபீல்டு கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. பல்பு போய்விட்டால் ஆல்டர்நேட்டர் விழித்துக்கொள்ளாமலேயே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே ஆல்டர்நேட்டரைக் கழற்றுவதற்கு முன் அந்தச் சிறிய பல்பைப் பாருங்கள். மாற்றும்போது அதே வாட் அளவில் சாதாரணப் பல்பே போடுங்கள், எல்இடி வேண்டாம்.

ஆல்டர்நேட்டரின் தடித்த டெர்மினலில் 14.3 இருந்து, பேட்டரியில் 13.6 மட்டும் வந்தால், இடையிலுள்ள ஒயரிலோ காண்டாக்டிலோ 0.7 வோல்ட் தொலைகிறது, 0.3க்கு மேல் தொலைவது சரியல்ல. டையோடு சந்தேகம் இருந்தால், மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் ஆல்டர்நேட்டரில் டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி ஒயரை ஓட்டத்திலேயே கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்றும் சில பட்டறைகளில் உண்டு. டைனமோ காலத்தில் தொடங்கிய பழக்கம் அது; ஆல்டர்நேட்டரில் அப்படிச் செய்தால் எகிறும் வோல்டேஜில் டையோடும் ரெகுலேட்டரும் நொடியில் போய்விடும். யாரையும் செய்யவிடாதீர்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பேட்டரி வடிகிறது என்றால்

இரண்டு இடங்கள் மிச்சம். ஒன்று, வண்டி நிற்கும்போது நடக்கும் கசிவு. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி, கம்பத்துக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத இந்த வண்டியில் அது ஏறத்தாழ பூஜ்யமாக இருக்க வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால் டிக்கி விளக்கு, பின்னாளில் சேர்த்த ஸ்டீரியோ, ஹாரன் ரிலே என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது முள் இறங்குகிறது என்று பாருங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்காதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

மற்றொன்று வெறும் கணக்கு. சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும், அதுவும் நல்ல வேகத்தில். 60 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு 10 ஆம்பியர், இக்னிஷன் காயில் 3 அல்லது 4, வைப்பர் 3, பின் விளக்குகளும் மீட்டர் விளக்கும் 2. இதோடு ஸ்டீரியோவும் மின்விசிறியும் சேர்ந்தால், மழைநாள் இரவில் கிண்டி கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு வருமானம் ஏறக்குறைய சுழியம், செலவு மட்டும் இருபது ஆம்பியர். அப்படிப்பட்ட ஓட்டமே வழக்கம் என்றால், வண்டியில் தேட வேண்டிய கோளாறு எதுவும் இல்லை. பழைய அளவு வாட் பல்புகளுக்குத் திரும்புங்கள், அல்லது ஆல்டர்நேட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றுவதானால் பாசிட்டிவ் எர்த் வண்டியை முதலில் நெகட்டிவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கட்-அவுட் பெட்டியின் இணைப்புகளை ஒதுக்கிவிட்டு, ஆல்டர்நேட்டரின் கரண்டைத் தாங்குமளவுக்குத் தடித்த ஒயரைப் பேட்டரிக்குப் புதிதாக இழுக்க வேண்டும். கழற்றிய டைனமோவையும் பெட்டியையும் ஒரு சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிடுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.